வழுக்கி விழாத கை

என் வலது மணிக்கட்டில் ஒன்றாக இருக்க வேண்டிய எலும்பு இரண்டாக இருக்கிறது. பிறவியிலேயே அப்படி. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு டொக்டர் வந்து சேர்வதற்குள் என் வீட்டுக்காரர் பொண்டாட்டியை அடிக்கிறவர் என்று பேர் வாங்கிவிட்டார். அவரைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், சத்தம் போடுகிற ஆள் நான்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் கடைசிக் காம்பராவரைக்கும் கேட்கிற தொண்டை எனக்கு. கோழியைத் திட்டினாலும் சரி, அரசாங்கத்தைத் திட்டினாலும் சரி, ஒரே அளவுதான். அவர் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், மேல் மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற வேலை பார்க்கிறார். பேசுவதற்குத் தனியாகக் கூலி கொடுத்தால்கூட யோசித்துத்தான் வாயைத் திறப்பார். இந்த ஆளைக் கட்டிக்கொண்டு நான் படுகிற பாட்டைப் பற்றி ஊருக்கே சொல்லியிருக்கிறேன். ஆனால் அடி என்ற ஒன்றை நான் அந்த வீட்டில் கண்டதே இல்லை.

நாங்கள் இருப்பது இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். நான் பதினோராம் வகுப்பு, சாதாரண தரம் வரைக்கும் படித்துவிட்டு, பிறகு என் அம்மாவைப் போலவே கொழுந்து எடுக்கப் போனவள். விரலால் கிள்ளி எடுத்த காலம் முழுக்க என் கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆள் குறைந்து போச்சு என்று சொல்லித் தோட்டத்தில் கத்தரி கொடுத்தார்கள். பெரிய கத்தரி. ஒரு பக்கத்தில் பெட்டி மாதிரித் தகடு வைத்திருக்கும். செடியின் தலையை வெட்டினால் கொழுந்து அந்தப் பெட்டிக்குள் விழும், நிறைந்ததும் அப்படியே தூக்கி முதுகில் இருக்கிற பைக்குள் தட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது லேசான வேலை. பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆரம்பத்தில் அதை வலி என்று சொல்ல முடியாது. கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், புறங்கைப் பக்கமாக, ஒரு சின்னக் குழி தெரியும். அந்தக் குழிக்குள் ஏதோ கிடந்து உறுத்துகிற மாதிரி இருந்தது. பிறகு குழியே தெரியாமல் வீங்கியது. கத்தரிப் பிடியை இறுக்கும்போதெல்லாம் முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறும். மணிக்கட்டைப் பின்பக்கமாக மடக்க முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன், என்னைக் கேட்காமலே கை விட்டுவிட்டது. பிளாஸ்டிக் குடம் என்பதால் அது பிழைத்தது.

மஸ்கெலியாவில் மருந்துக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒரு தைலத்தையும் ஒரு பட்டியையும் கொடுத்தார். தைலம் நன்றாக மணத்தது, அவ்வளவுதான். ரொட்டிக்கு மாவு பிசைவதை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் அடுப்படியில் உட்கார்ந்து பிசைந்துகொண்டிருந்தார். அவர் சுட்ட ரொட்டி நடுவில் வேகாமலும் ஓரத்தில் கருகியும் இருந்தது. இதையெல்லாம் மனுசன் தின்பானா என்று சத்தம் போட்டுக்கொண்டே தின்றேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காரணம் இல்லாத வலிக்குப் பனடோல், காரணம் இருக்கிற வலிக்கு லீவு. சும்மா வலிக்குது என்று போய் நின்றால், எல்லாருக்கும்தான் வலிக்குது என்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் காலை ஆள் எண்ணுகிற பெரட்டில் போய் நிற்க வேண்டியதுதான். ஆகவே நாங்கள் எல்லாரும் டிஸ்பென்சரிக்குப் போகும்போது கையோடு ஒரு காரணத்தையும் கொண்டு போவோம்.

"பீலிக்கரையில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு புள்ள," என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. "நாங்க எல்லாம் அப்பிடித்தான சொல்றது."

பீலி என்பது மலையிலிருந்து குழாய் போட்டு இறக்கிய தண்ணீர் வந்து விழுகிற இடம். சுற்றிலும் பாசி பிடித்த கல். அங்கே விழுவதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நானும் அப்படியே சொன்னேன். டிஸ்பென்சரிக்காரர் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் பயந்துவிட்டார் போலிருக்கிறது, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

வழுக்கி விழுந்தேன் என்ற அந்த வார்த்தைக்கு இன்னொரு வேலையும் இருப்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் கண்ணோரம் கறுத்து, உதடு வீங்கி மலைக்கு வருகிற பெண்களும் அதே பீலிக்கரையில்தான் வழுக்கி விழுந்திருப்பார்கள். கங்காணி கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவரும், பாத்து நடக்கக் கூடாதா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். தெரியாத மாதிரி கொழுந்து எடுத்துக்கொண்டிருப்போம். அதைச் சொல்லும்போது எனக்கு இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வீட்டுக்காரரும் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார். அங்கே ஒரு இளம் டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். சிங்களத்தில்தான் பேசினார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன, கட்டைவிரல் பக்கம் இருக்கிற இந்த எலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது என்று காட்டினார். நடுவில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது.

"எப்போது விழுந்தீர்கள்?"

"போன கிழமை, ஏழெட்டு நாள் இருக்கும்," என்றேன்.

அவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இது போன கிழமை உடைந்த எலும்பு இல்லை, ஓரமெல்லாம் மழுங்கிப் போயிருக்கிறது, மாசக் கணக்கில் இல்லாவிட்டால் வருஷக் கணக்கில் இருக்கும் என்றார். அப்படிச் சொல்லிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். நர்ஸ் தமிழ் ஆள். முப்பது வயதிருக்கும். என்னைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்.

"அம்மா, வெளிய நிக்கிறது ஒங்க வீட்டுக்காரரா?"

"ஆமாங்க மிஸ்."

"குடிப்பாரா?"

பேச்சு எங்கே போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. உச்சியில் சுர்ரென்று ஏறியது. "அவரு கண்ணாலம் கட்டுன நாள்லேர்ந்து என் மேல கைய வச்சதில்ல. நான் போடுற சத்தத்துக்கு அந்த மனுசன் இன்னும் வீட்ட விட்டு ஓடாம இருக்குறதே பெருசு."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க," என்றார் நர்ஸ். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. "பயப்படாதீங்க. நீங்க சொல்றது இந்தத் திரைக்கு வெளிய போகாது. பீலிக்கரையில விழுந்தேன்னு எத்தனையோ பேரு சொல்லி நான் கேட்டிருக்கேன்."

சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று சொன்னேன். நான் விழவே இல்லை, லீவுக்காகத்தான் அப்படிச் சொன்னேன், கத்தரி பிடித்துத்தான் வலி வந்தது என்றேன். அது இன்னும் மோசமாகப் போனது. முதலில் விழுந்தேன் என்றவள் இப்போது விழவே இல்லை என்கிறாள், ஆனால் எலும்பு உடைந்திருக்கிறது. அந்த நர்ஸின் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நான் சத்தம் போடப் போட, அவர் என் நல்ல கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து பார்த்தால் வீட்டுக்காரர் வாங்குப் பலகையில் இல்லை. இளம் டொக்டர் சொல்லி அனுப்பியதால், ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிற பொலிஸ் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். எனக்காகக் கொண்டுவந்த பணிஸ் ரொட்டிப் பை கையில் இருந்தது. உள்ளே இருந்து ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். குடியா, சண்டையா, கையை முறுக்கினாயா. இவர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் செய்தவன்கூட இதைவிடக் கொஞ்சம் நன்றாக வாதாடியிருப்பான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே அடித்துவிடலாம் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து மருந்து வாங்குகிற வரிசையில் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பொலிஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு சொல்லவா வேண்டும்.

கை அசையாதபடி சிமெண்டுப் பத்து, அதாவது மாவுக்கட்டு, போட்டு, எலும்பு டொக்டர் வருகிற நாளில் திரும்ப வரச் சொன்னார்கள். அன்றைக்கு விசாரிப்பதாகச் சொல்லி அவரையும் விட்டார்கள். நாங்கள் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்கு முன்னமே செய்தி வந்து சேர்ந்திருந்தது. மறுநாளிலிருந்து பீலிக்கரையில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். பக்கத்துக் காம்பரா அக்கா, எனக்குப் பொய் சொல்லிக் கொடுத்தவளே, "எல்லாம் சரியாப் போகும் புள்ள, ஆம்பளைங்கன்னா அப்பிடித்தான்," என்றாள். நான் போட்ட சத்தத்தில் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் எவ்வளவுக்கெவ்வளவு நான் இல்லை என்று கத்தினேனோ, அவ்வளவுக்கவ்வளவு எல்லாரும் பாவம் என்று பார்த்தார்கள். ஸ்டோரில் அவரோடு சேர்ந்து சோறு தின்கிறவர்கள் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். அவர் அதை என்னிடம் சொல்லவில்லை. சோற்றுப் பெட்டி பாதி நிறைந்தபடி திரும்பி வந்ததால் எனக்கே விளங்கியது.

என் கை போனாலும் பரவாயில்லை, இந்த மனுசன் பேர் இப்படிப் போகக் கூடாது என்று அந்த நாட்களில் சாமி படத்துக்கு முன்னால் நின்று அழுதிருக்கிறேன். அழுதது மற்றவர்களுக்குக் கேட்டு, அதையும் அடிவாங்கினவள் அழுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

எலும்பு டொக்டர் வயதானவர், அவசரமில்லாதவர். எக்ஸ்ரேயை நீண்ட நேரம் பார்த்தார். பத்தை வெட்டி எடுக்கச் சொல்லி, என் மணிக்கட்டை எல்லாப் பக்கமும் மெதுவாகத் திருப்பினார். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தீர்களா, கையை ஊன்றி விழுந்தீர்களா, எப்போதாவது கை வீங்கிக் கிடந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு, இடது கையையும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

"அந்தக் கையில வலியே இல்லையே டொக்டர்," என்றேன்.

"அதனாலதான் பார்க்கணும்," என்றார்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். இடது கையிலும் அதே எலும்பில், அதே இடத்தில், அதே கோடு. டொக்டருக்கே முகம் மலர்ந்துவிட்டது. அந்த இளம் டொக்டரையும் நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாருக்கும் இது ஒரே எலும்பாக வளரும், அபூர்வமாகச் சிலருக்கு இரண்டு துண்டாகவே உருவாகி, நடுவில் மெல்லிய நார் மாதிரி ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும் என்றார். உடைந்த எலும்பின் ஓரம் கரடுமுரடாக இருக்கும், இது ஆற்றுக்கல் மாதிரி மழுமழுவென்று இருக்கிறது, சுற்றியுள்ள எலும்புகளிலும் தேய்மானம் இல்லை. பலருக்குச் சாகும்வரை தெரியவே தெரியாது. எனக்குக் கத்தரியின் இறுக்கத்தில் அந்த நார் அடிபட்டு வீங்கிவிட்டது, அதனால்தான் பிடியும் தளர்ந்தது என்றார். கத்தரியைத் தொடக் கூடாது, பட்டி போட்டு ஓய்வு கொடுத்தால் வலி அடங்கும், வெட்டித் தைக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

பொலிஸ் அறைக்கு அவரே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். நர்ஸ் வெளியே வந்து வீட்டுக்காரருக்கு முன்னால் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்க அண்ணே. ஒங்கள நிக்க வச்சு அவமானப்படுத்திட்டோம்."

எங்கள் வீட்டு ஊமைக்கு அன்றைக்குத்தான் வாய் வந்தது. "அப்பிடியெல்லாம் இல்லைங்க மிஸ். நீங்க கேட்டது சரிதான். இன்னமே வர்றவங்ககிட்டயும் இதே மாதிரி கேளுங்க," என்றார்.

பஸ்ஸில் நான் இரண்டு எக்ஸ்ரேயையும் மடியில் வைத்துக்கொண்டு திட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். முதலில் கணக்கப்பிள்ளை வீடு. அடுத்தது ஸ்டோர் வாசல். பிறகு பெரட்டில் எல்லாரும் கூடி நிற்கும்போது இரண்டு படத்தையும் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து ஒவ்வொருத்தர் மூஞ்சியிலும் கேட்கப் போகிறேன், இப்ப என்னா சொல்றீங்க என்று.

"வேணாம்," என்றார் அவர்.

"என்னா வேணாம்?"

"காட்ட வேணாம். ஒனக்குக் கை எப்பிடின்னு கேட்டா, மருந்து எடுக்குறேன்னு சொல்லு. போதும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பொலிஸ் வாசலில்தான் வாயில் கொழுக்கட்டை என்றால் இப்போதும் அப்படியா, உங்களுக்கு ரோசம் மானம் ஒன்றும் கிடையாதா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தார். நான் மூச்சு விட நிறுத்திய இடத்தில் பேசினார்.

"நீ இதக் கொண்டுபோய்க் காட்டுனா, நம்ம தோட்டத்துல ஒவ்வொரு குடிகாரனும் நாளைக்கு என்னா சொல்லுவான்? பொறப்புலயே அவ எலும்பு அப்பிடித்தான்னு சொல்லுவான். ஆஸ்பத்திரியில சும்மா ஆம்பளைங்கள புடிச்சு நிக்க வைக்கிறாங்கன்னு சொல்லுவான். அப்பறம் எவ போவா?"

மடியில் இருந்த எக்ஸ்ரேயை நான் திருப்பி வைத்தேன்.

"எங்கம்மா நான் ஸ்டோருக்குப் போற வயசு வரைக்கும் பீலிக்கரையில வழுக்கி விழுந்துச்சு," என்றார். "ஒருத்தராச்சும் திரைய இழுத்து விட்டுட்டு அது கைய புடிச்சுக் கேட்டிருந்தா... பொலிசுல கூப்புடுற வரைக்கும் அந்த மிஸ் ஒன்கிட்ட கேட்டத நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதான் வாயத் தொறக்கல. கேக்கட்டும்னு இருந்தேன்."

அவருடைய அம்மா நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னமே செத்துப்போனவர். அம்மாவைப் பற்றி இவ்வளவு காலத்தில் இவர் என்னிடம் சொன்னது, நல்லா ரசம் வைக்கும் என்ற ஒன்றுதான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. உங்க அம்மாவுக்காக உங்க பேர் நாறணுமா என்று கேட்டேன். "நான் இப்பிடித்தான்னு ஒனக்குத் தெரியும்ல," என்றார்.

எக்ஸ்ரே இரண்டும் அலுமாரிக்கு மேலே போனது. நான் காட்டவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். பீலிக்கரையில் குசுகுசுவென்று பேசும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்ததைக் கடித்து விழுங்கினேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது அவரிடம் சண்டை பிடித்தேன், போதும், சொல்லிவிடுகிறேன் என்று. சரி, ஒன் இஷ்டம் என்பார். அதற்குமேல் நான் என்ன செய்ய.

டொக்டர் எழுதிக் கொடுத்ததைக் காட்டியதும் என்னைத் தேயிலைக் கன்று மேட்டுக்கு மாற்றினார்கள். சின்னப் பைகளில் மண் நிரப்பி, கன்று நட்டு, தண்ணீர் தெளிக்கிற வேலை. கை வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குழி திரும்பத் தெரிய ஆரம்பித்தது. குளிர் கூடினால் இப்போதும் உள்ளே ஒரு உறுத்தல் இருக்கிறது, மாவு பிசைகிற வேலையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு பகல் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி கன்று மேட்டுப் பக்கம் வந்தாள். சின்னப் பெண், கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. எனக்கு முகம் தெரியும், பழக்கம் இல்லை. குளிருக்குப் போர்த்துகிற துண்டைக் கழுத்து தெரியாமல் சுற்றியிருந்தாள். பக்கத்தில் குந்திக்கொண்டு, கேட்காமலே பையில் மண்ணை நிரப்ப ஆரம்பித்தாள். இடது கையால் மட்டும்தான் அள்ளினாள்.

"அக்கா, நீங்க போன ஆஸ்பத்திரியில ஒரு மிஸ் கேட்டாங்களாமே. சத்தம் போட்டுக் கேப்பாங்களா?"

"இல்ல. மெதுவாத்தான் கேப்பாங்க. கைய புடிச்சுக்குவாங்க."

இன்னும் ஒரு பை நிரப்பினாள். சுற்றிலும் பார்த்தாள். "பொலிசுல அண்ணன நிக்க வச்சாங்கன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்த பொறகு அண்ணே ஒங்கள ஒன்னும் பண்ணலையா?"

அடியே, அந்த மனுசன் யாரென்று தெரியுமா உனக்கு என்று என் வாய் முழுக்க நிறைந்து வந்தது. எத்தனையோ மாசமாக அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வரத் தயாராக இருந்தது. அவள் மண்ணள்ளுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் போல ஒருத்தி என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறாள். நான் அப்படி இல்லை என்று சொல்லிவிட்டால் அவள் எழும்பிப் போய்விடுவாள், பீலிக்கரையில் வழுக்கி விழுந்ததாகவே இருந்துவிடுவாள்.

"ஒன்னும் பண்ணல," என்றேன்.

"அப்ப என்னையும் கூட்டிக்கிட்டுப் போறீங்களா அக்கா?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் போனோம்.